வாய்ப்புற்றுக்குப் பிறகு பல் கேட்பது ஆடம்பரமா?

"உசுரோட திரும்பி வந்துட்டாருல்ல, அதுக்கு மேல என்ன வேணும்?" வாய்ப்புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவரைப் பார்க்கப் போகிறவர்கள் சொல்லிவிட்டு வரும் வார்த்தை இது. சொல்பவர்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் இதே வார்த்தையைக் காப்பீட்டு அலுவலகமும் மருத்துவமனை நிர்வாகமும் திட்டம் போடுகிறவர்களும் தங்கள் மொழியில் சொல்லும்போது அது கொள்கையாகிவிடுகிறது. கட்டியை எடுத்தாகிவிட்டது, கரண்ட் வைத்தாகிவிட்டது, கோப்பு மூடப்பட்டது. அதற்குப் பிறகு அந்த மனிதர் எதைத் தின்கிறார், எப்படிப் பேசுகிறார், யார் முன்னால் வாய் திறக்கிறார் என்பது எந்தக் கோப்பிலும் இல்லை.

இந்தப் பதிவு பல்லைப் பற்றியது. நில உரிமை, வன்கொடுமை வழக்கு, விடுதிகளின் நிலை என்று எழுதும் இடத்தில் பல்லுக்கு என்ன வேலை என்று சில தோழர்கள் கேட்கலாம். வாய்ப்புற்று யாருக்கு வருகிறது என்பதிலிருந்து தொடங்கினால் வேலை என்னவென்று தெரியும்.

சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 2022-ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஓராண்டில் புதிதாக உதட்டிலும் வாயிலும் புற்றுநோய் கண்டவர்கள் 1,40,000 பேருக்கும் மேல். உலகத்தில் வருவதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இங்கேதான். மேற்கு நாடுகளில் நாக்கிலும் வாயின் அடித்தளத்திலும் அதிகம் வரும் இந்த நோய், நம் நாட்டில் கன்னத்தின் உட்புறத்திலும் ஈறிலும் அதிகம் வருகிறது. புகையிலையையும் பாக்கையும் அடக்கி வைக்கிற இடம் அதுதான். புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்தான் என்று அதே முகமை 2004-இலேயே தன் அறிக்கையில் சொல்லிவிட்டது. இங்கே இன்னும் "புகையிலை போடறதில்ல, வெறும் பாக்குதான்" என்பது ஒரு நல்ல பழக்கம் போலச் சொல்லப்படுகிறது.

அடக்கி வைப்பவர்கள் யார்? காலையில் ஒரு டீயோடு நடவுக்கு இறங்கிப் பிற்பகல் வரை பசி தெரியாமல் இருக்க வெத்தலை புகையிலை போட்டுக்கொள்ளும் நம் பெண்கள். சாக்கடை அடைப்பையும் குப்பை வண்டியையும் நாற்றம் தெரியாமல் தாங்க வாயில் ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ளும் தூய்மைப் பணியாளர்கள். செங்கல் சூளையிலும் கல்குவாரியிலும் இரவு பகல் பார்க்காமல் நிற்பவர்கள். பசியையும் நாற்றத்தையும் தூக்கத்தையும் அடக்க இந்தச் சமூகம் இவர்களுக்கு மலிவாகக் கொடுத்த ஒரே மருந்து இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய்ப் பொட்டலம். மலத்தையும் குப்பையையும் அள்ளும் வேலையைச் சாதி பார்த்துக் கொடுத்துவிட்டு, அந்த வேலையைத் தாங்க அவர் போட்டுக்கொண்டதை மட்டும் "கெட்ட பழக்கம்" என்று பிரித்துச் சொல்வது ஒரு பெரிய வசதி. நோய்க்குக் காரணம் அவரே, ஆகவே அனுபவிக்கட்டும். கர்ம வினை என்று முன்பு சொன்னதை இப்போது வாழ்க்கைமுறை நோய் என்று சொல்கிறார்கள். புகையிலையை விடச் சொல்வது வேறு, அதை நாமும் சொல்கிறோம், கடைசியில் மறுபடியும் சொல்வோம்.

சரி, சிகிச்சையில் என்ன போகிறது?

கன்னத்துப் புற்று ஈறைத் தொட்டுவிட்டால் கட்டியோடு தாடை எலும்பின் ஒரு பகுதியையும் அதிலிருக்கிற பற்களையும் எடுக்க வேண்டிவரும். மேல்தாடையென்றால் அண்ணத்தில் ஓட்டை விழும். குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வரும். அதற்குப் பிறகு ஆறு ஏழு வாரம் கதிர்வீச்சு. நம் மக்கள் "கரண்ட் வைக்கிறது" என்று சொல்வது இதைத்தான். கரண்ட் வைத்தால் எச்சில் சுரப்பிகள் வறண்டுபோகும். எச்சில் இல்லாத வாயில் மிச்சமிருக்கும் பற்களும் மளமளவென்று சொத்தையாகும். தாடைத் தசைகள் இறுகி வாய் திறப்பது குறையும். தாடை எலும்புக்குள் ரத்த ஓட்டம் குறைந்துவிடுவதால், அந்தப் பக்கம் பிறகு ஒரு பல்லைப் பிடுங்கினால்கூட புண் ஆறாமல் எலும்பே செத்து வெளியே தெரியும் அபாயம் உண்டு.

இந்த வாயில் சாதாரண பல் செட் நிற்காது. இதைப் பலரும் புரிந்துகொள்வதில்லை. கழற்றி மாட்டும் பல் செட் நிற்பதற்கு ஈறு மேடாக இருக்க வேண்டும், கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே பள்ளம் இருக்க வேண்டும், ஒட்டிப் பிடிக்க எச்சில் வேண்டும். மேட்டை வெட்டியாகிவிட்டது, பள்ளத்தில் நெஞ்சிலிருந்து எடுத்த சதையை வைத்துத் தைத்தாகிவிட்டது, எச்சில் வற்றிவிட்டது. செட்டை வைத்தால் வழுக்கும், உரசிப் புண்ணாகும். நான்கு நாள் போட்டுப் பார்த்துவிட்டு டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்துவிடுவார்கள். "செட்டு கட்டிக் கொடுத்தோம், அவர்தான் போடுவதில்லை" என்று ஏட்டில் எழுதப்படும்.

இம்ப்ளான்ட் வேலை செய்வது இங்கேதான். டைட்டானியத்தில் செய்த சின்னத் திருகாணியை எலும்புக்குள் இறக்கி, மூன்று முதல் ஆறு மாதம் விட்டால் எலும்பு அதைத் தன்னோடு பிடித்துக்கொள்ளும். அதன்மேல் பல்லைக் கட்டலாம். போன ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு திருகாணி வேண்டும் என்பதுமில்லை. கீழ்த்தாடையின் முன்பக்கம் இரண்டு முதல் நான்கு போட்டு, சட்டைப் பொத்தான் அழுத்துவது போலச் செட்டை அதில் மாட்டிவிடலாம். அண்ணத்து ஓட்டையை அடைக்கும் தகட்டையும் இப்படியே பிடித்து நிறுத்தலாம்.

இந்தத் தொழில்நுட்பத்தின் வரலாற்றில் ஒரு செய்தி இருக்கிறது. எலும்பும் டைட்டானியமும் ஒட்டிக்கொள்வதை முயல் எலும்பில் ஆராய்ச்சி செய்யும்போது கண்டவர் சுவீடனின் பெர்-இங்வார் பிரோனெமார்க். 1965-இல் அவர் முதன்முதலாகப் பல் இம்ப்ளான்ட் பொருத்திய மனிதர் சிரிப்பு அழகாக வேண்டும் என்று வந்தவரல்ல. பிறவியிலேயே அண்ணப்பிளவும் தாடைக் குறையும் இருந்து, மெல்லவும் பேசவும் சிரமப்பட்டவர். தாடை சிதைந்தவருக்காகவே முதலில் வந்த ஒன்று இன்று நகரத்துப் பெரிய சாலைகளில் "புன்னகை வடிவமைப்பு" என்ற பலகையின் கீழ் விற்கப்படுகிறது. விற்கட்டும். ஆனால் அதைக் காரணம் காட்டி, இது அழகுக்கான செலவு என்று தாடை போனவரிடம் சொல்லாதீர்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். தனியார் கிளினிக்கில் ஓர் இம்ப்ளான்ட்டுக்கு மேலே கட்டும் பல்லோடு சேர்த்து இருபதாயிரம் முதல் நாற்பதாயிரம் வரை கேட்கிறார்கள். நடுவில் முப்பதாயிரம் என்று வைத்துக்கொள்வோம். நூறு நாள் வேலையில் 2024-25-க்குத் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட கூலி ஒரு நாளைக்கு 319 ரூபாய். ஒரே ஓர் இம்ப்ளான்ட்டுக்கு 94 நாள் கூலி. நூறு நாளும் வேலை கிடைத்து, கூலி பிடித்தம் இல்லாமல் வந்து, வீட்டில் யாரும் சாப்பிடாமல் இருந்தால் ஒன்று போடலாம். நான்கு போட 1,20,000 ரூபாய். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை பெற ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம் எவ்வளவுக்குள் இருக்க வேண்டும் தெரியுமா? அதே 1,20,000. அட்டைக்குத் தகுதியான எந்தக் குடும்பமும் ஓராண்டு முழு வருமானத்தையும் கொடுத்தால்தான் அந்த நான்கு திருகாணிகள்.

அந்தக் காப்பீட்டுத் திட்டத்தை நாங்கள் சிறுமைப்படுத்தவில்லை. 2009-இல் கலைஞர் காப்பீடாகத் தொடங்கி இன்றுவரை நம் குடும்பங்களில் எத்தனையோ பேரின் புற்று அறுவையும் கதிர்வீச்சும் மருந்தும் அந்த அட்டையில்தான் நடந்திருக்கின்றன. அது இல்லாவிட்டால் பாதிப் பேர் கட்டியோடே போயிருப்பார்கள். ஆனால் அதே அட்டையை எடுத்துக்கொண்டு பல்லுக்காகப் போனவர்கள் "பல்லெல்லாம் இதுல வராதுங்க" என்ற பதிலோடு திரும்பியதை நாங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்களில் கேட்டிருக்கிறோம். எழுத்தில் தரச் சொன்னால் தருவதில்லை. கவுன்ட்டரில் இருப்பவரின் வாய்ச்சொல்தான் சட்டம்.

இங்கே இளைஞர்கள் கவனிக்க வேண்டிய ஒரு வரி உண்டு. ஒன்றிய அரசின் பிரதமர் மக்கள் ஆரோக்கியத் திட்டத்தில் எதற்குப் பணம் தரமாட்டோம் என்ற பட்டியலில் பல் சிகிச்சை இருக்கிறது. அழகுக்கானது, சொத்தை அடைப்பது, வேர் சிகிச்சை, தேய்மானம் எல்லாம் வராது. ஆனால் அந்த வரி அங்கே முடியவில்லை. நோயினாலோ காயத்தினாலோ ஏற்பட்டு, உள்நோயாளியாகச் சேர்த்துச் செய்ய வேண்டியதாக இருந்தால் விலக்கு பொருந்தாது என்ற பொருளில் தொடர்கிறது. புற்றை எடுக்கும்போது போன தாடை நோயினால் போன தாடையில்லையா? கதவு முழுக்கச் சாத்தப்படவில்லை, யாரும் தள்ளிப் பார்க்கவில்லை. தமிழ்நாட்டில் 2018 முதல் இரண்டு திட்டங்களும் இணைத்தே நடத்தப்படுகின்றன என்பதையும் நினைவில் வையுங்கள்.

மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள்? பிரிட்டனின் பொது மருத்துவத் துறை சும்மா பல் விழுந்தவர்களுக்கெல்லாம் இம்ப்ளான்ட் தருவதில்லை. ஆனால் தலை, கழுத்துப் புற்றுநோய் சிகிச்சையில் பல்லையும் தாடையையும் இழந்தவர்களை முன்னுரிமைப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியின் பொதுக் காப்பீட்டுச் சட்டமும் அப்படித்தான். இம்ப்ளான்ட் வராது என்று சொல்லிவிட்டு, கட்டி அறுவையால் தாடையில் பெரிய இழப்பு ஏற்பட்டவர்களுக்கு விதிவிலக்கு வைத்திருக்கிறது. நாங்கள் கேட்பதும் இந்த அளவுக்குத்தான்.

எலும்பு விஷயத்தில் இன்னொரு அநீதி ஒளிந்திருக்கிறது, அதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. வெட்டிய தாடைக்குப் பதிலாகக் காலின் வெளிப்பக்கத்து மெல்லிய எலும்பை ரத்தக்குழாயோடு எடுத்து வளைத்துப் பொருத்தும் முறை 1989 முதல் இருக்கிறது. அந்த எலும்பில் இம்ப்ளான்ட் இறக்க முடியும். ஆனால் அந்த அறுவைக்கு நாள் முழுக்க ஆகும். நூல் போன்ற ரத்தக்குழாய்களை நுண்ணோக்கியில் பார்த்து இணைக்கத் தெரிந்த மருத்துவர் வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரிசை நிற்கும் அரசு மருத்துவமனையில் ஒரு நோயாளிக்கு ஒரு முழு நாள் அறுவை அரங்கைக் கொடுப்பது எளிதில்லை. ஆகவே நெஞ்சுச் சதையைத் திருப்பி வைத்து மூடுவது நடக்கிறது. உயிர் காக்கும் நல்ல முறைதான், மருத்துவர்களைக் குற்றம் சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஆனால் சதை வைத்த இடத்தில் எலும்பு இல்லை. பின்னால் பணமே கிடைத்தாலும் திருகாணி இறக்க அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. பல் வேண்டுமா வேண்டாமா என்ற முடிவு அறுவை மேசையிலேயே, யாரும் கேட்காமலே எடுக்கப்பட்டுவிடுகிறது.

இம்ப்ளான்ட் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் விற்க வரவில்லை. கதிர்வீச்சு பட்ட எலும்பில் அது தோற்றுப்போகும் வாய்ப்பு கூடுதல். புகையிலையைத் தொடர்ந்தால் இன்னும் கூடும். நோய் திரும்ப வரும் ஆபத்து முதல் இரண்டு ஆண்டுகளில்தான் அதிகம் என்பதால் சில மருத்துவர்கள் காத்திருக்கச் சொல்வார்கள். வாய் போதிய அளவு திறக்காதவருக்குக் கருவியே உள்ளே போகாது. ஆராய்ச்சிகளும் கலவையாகவே பேசுகின்றன. மெல்லும் திறன் கூடுகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. மொத்த வாழ்க்கைத் தர மதிப்பெண் எல்லா ஆய்வுகளிலும் அதே அளவு கூடுவதில்லை. பல் வந்தாலும் எச்சில் வராது, தோள்வலி போகாது, முகத்துத் தழும்பு போகாது. அது உண்மைதான்.

ஆனால் அந்த மதிப்பெண்ணை எதை வைத்துப் போடுகிறார்கள்? உலகம் முழுக்கப் பயன்படும் வினாத்தாள்களில் ஒன்று அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவானது. வலி, தோற்றம், விழுங்குதல், மெல்லுதல், பேச்சு, சுவை, எச்சில், மனநிலை என்று பன்னிரண்டு விஷயங்களைக் கேட்கிறது. நல்ல வினாத்தாள். டீக்கடையில் எந்த டம்ளரில் கொடுத்தார்கள் என்ற கேள்வி அதில் இல்லை.

எச்சில் என்ற சொல்லுக்கு நம் நாட்டில் இருக்கும் கனம் சியாட்டிலில் இருப்பவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. பேஷ்வாக்களின் ஆட்சியில் பூனாவில் தீண்டப்படாதவர் எச்சில் தரையில் விழாதபடி கழுத்தில் மண்கலயம் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்ததை அம்பேத்கர் 1936-இல் 'சாதி ஒழிப்பு' நூலில் எழுதினார். இரட்டைக் குவளை போய் இப்போது காகிதக் கப் வந்திருக்கிறது, சில ஊர்களில் அந்தக் காகிதக் கப்பும் சேரிக்கு மட்டும்தான். இந்த ஊரில்தான் கீழ்த்தாடை பாதி போய், உதடு மூடாமல், எச்சிலைத் துண்டால் துடைத்துக்கொண்டே ஒரு மனிதர் உட்கார வேண்டியிருக்கிறது. சாதிக்காக ஒரு முறை ஒதுக்கப்பட்டவர் வாய்க்காக இன்னொரு முறை ஒதுக்கப்படுகிறார். இந்த முறை சொந்தத் தெருவிலும். பந்தியில் உட்காருவதில்லை, கல்யாணத்துக்கு மொய் எழுதிவிட்டுத் திரும்பிவிடுகிறார். ஆகஸ்ட் 15-க்குக் கோயில்களில் அரசு நடத்தும் சமபந்தி விருந்தில் அவருக்கு எந்த இலை?

சோற்றைப் பற்றியும் பேச வேண்டும். மென்மையான உணவு சாப்பிடுங்கள் என்று சீட்டில் எழுதிக் கொடுக்கிறார்கள். பழச்சாறு, பால், முட்டை, சூப். நம் வீடுகளில் உணவு என்றால் கருவாடு, நல்லி எலும்பு, உப்புக்கண்டம், மாட்டுக்கறி வறுவல். மெல்லுவதே அந்தச் சாப்பாட்டின் ருசி. மலிவாகக் கிடைக்கும் புரதமும் அதுதான். பல் போனவருக்கு அது போய்க் கஞ்சியும் ரேஷன் அரிசிக் கூழும் மிஞ்சுகின்றன. கறியை மிக்ஸியில் அடித்துக் கொடுக்கலாம் என்பார்கள். கொடுத்துப் பார்த்த வீடுகளில் கேளுங்கள். மெலிந்துபோன உடம்போடு அவர் மூட்டை தூக்கவோ மண் வெட்டவோ போக முடியாது. கூலி நின்றது புற்றுநோயால் என்று எழுதுவார்கள். பாதி நின்றது பட்டினியால்.

பேச்சும் அப்படித்தான். த, ந என்ற எழுத்துகள் நாக்கு நுனி மேற்பல்லைத் தொட்டுப் பிறப்பவை. மேல்தாடை போனவரால் "தோழர்" என்று சொல்ல முடிவதில்லை. மனுநீதி நாளில் ஆட்சியர் முன்னால் நின்று பட்டா கேட்கிறவர் சொல்வது புரியவில்லை என்றால் அதிகாரி அடுத்தவரைக் கூப்பிடுகிறார். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குரல்வளை எடுக்கப்பட்டவரின் பேச்சுக் குறையைப் பெயர் சொல்லிக் கணக்கில் எடுக்கிறது. மெல்ல முடியாமல் போவதற்கு அதன் 21 வகைகளில் தனி இடம் இல்லை.

சிலர் இதற்குத் துணைத்திட்ட நிதியிலிருந்து பணம் கேட்கலாமே என்கிறார்கள். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான செயல்திட்டச் சட்டம் 2024-இல் தமிழ்நாட்டில் வந்துவிட்டது, அதில் வைக்கலாம் என்று. எங்களுக்கு இதில் உடன்பாடு இல்லை. புற்றுநோய் சிகிச்சை பொதுச் சுகாதாரத் துறையின் கடமை, அதன் தொடர்ச்சிக்கும் பொது நிதிதான். நம் நிதியைப் பொதுச் செலவுக்குத் திருப்புகிறார்கள் என்று இத்தனை ஆண்டுகள் சண்டை போட்டுவிட்டு, நாமே ஒரு பொதுச் செலவைக் கொண்டுபோய் அதில் சேர்ப்பது சரியில்லை. எல்லாச் சாதி ஏழைக்கும் சேர்த்தே கேட்போம். நம் ஆட்கள்தான் வரிசையில் அதிகம் நிற்பார்கள்.

ஆளும் இடமும் இல்லை என்பது சாக்கு. சென்னையில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி 1953 முதல் இருக்கிறது. செயற்கைப்பல் துறையில் முதுகலை படிப்பவர்களின் பாடத்திலேயே இம்ப்ளான்டும் உண்டு, புற்றுநோயால் இழந்த முகப் பகுதிகளுக்கு மாற்று செய்வதும் உண்டு. பொருளை அரசு மொத்தமாக வாங்கினால் விலை கிளினிக் விலையாக இருக்காது. இதயத்துக்கு வைக்கும் ஸ்டென்ட்டின் விலைக்கு 2017-இல் உச்சவரம்பு வைத்தபோது அது எவ்வளவு இறங்கியது என்பதை எல்லோரும் பார்த்தோம்.

இதைப் படிக்கும் மாணவர்களே, உங்கள் தெருவில் யாருக்காவது இந்த நோய் கண்டிருந்தால் பணம் இல்லாமலே செய்யக்கூடியவை சில உண்டு. கரண்ட் வைக்கும் முன்பே பல் மருத்துவரைப் பார்க்க வையுங்கள். எடுக்க வேண்டிய பல்லை அப்போதே எடுத்துப் புண் ஆறக் குறைந்தது இரண்டு வாரம் வேண்டும். அதற்குப் பிறகு எந்த ஊரில் பல் வலித்துப் போனாலும் "தாடையில் கரண்ட் வைத்திருக்கிறது" என்று சொல்லாமல் நாற்காலியில் உட்கார விடாதீர்கள். அறுவைக்கு முன்பே, "பின்னால் பல் வைக்க வழி இருக்குமா?" என்று மருத்துவரிடம் நோயாளிக்குப் பதிலாக நீங்கள் கேளுங்கள். மரியாதையாக, ஆனால் பதில் வரும்வரை கேளுங்கள். வாய் திறப்பு குறையாமல் இருக்க மருத்துவர் சொன்ன நாளிலிருந்து தினமும் பயிற்சி வேண்டும். ஐஸ் குச்சிகளை அடுக்கி, வாரம் ஒன்று கூட்டிக்கொண்டே போவது பழைய, செலவில்லாத முறை. அவருடைய சொந்த விரல் மூன்று செங்குத்தாக வாய்க்குள் போக வேண்டும் என்பது அளவு. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருகிறார். முழங்காலுக்கு வருபவரிடம் தாடைக்கும் கேளுங்கள். வாயில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு, மூன்று வாரத்தில் ஆறாத புண், காரம் தாங்காமல் வாய் இறுகுவது எதைப் பார்த்தாலும் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் விடுதி அறையில் சுற்றும் பொட்டலத்தைப் பற்றியும்தான் சொல்கிறோம்.

அடுத்தது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. காப்பீட்டுத் திட்டத்தை நடத்தும் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு நான்கு கேள்விகள். கடந்த ஐந்து ஆண்டுகளில் மாவட்ட வாரியாக எத்தனை வாய்ப்புற்று அறுவைகளுக்குப் பணம் அனுமதிக்கப்பட்டது? அவர்களில் எத்தனை பேருக்குத் தாடை எலும்பு மாற்றிப் பொருத்தப்பட்டது? எத்தனை பேருக்கு அண்ணத் தகடோ பல்லோ இம்ப்ளான்டோ திட்டத்தின் செலவில் தரப்பட்டது? தரப்படவில்லை என்றால் எந்த விதியின் கீழ் மறுக்கப்பட்டது, அந்த விதியின் நகல் தேவை. கட்டணம் 10 ரூபாய், வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர் சான்று வைத்தால் அதுவும் வேண்டாம். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு. ஒரே ஆள் முப்பத்தெட்டு மாவட்டத்துக்கும் கேட்பதைவிட அவரவர் மாவட்டத்துக்கு அவரவர் போடுங்கள், வந்த பதிலை அப்படியே படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள்.